பொருள்: ஸ்டீயரிங் விளக்கு எரிந்தது குறித்து

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

மருமகள் பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்களும் அத்தையும் இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது எவ்வளவு சுகமாக இருக்கிறீர்களோ, படித்து முடிக்கும்போதும் அதே அளவு சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என்னுடைய ஒரே வேண்டுதல். அத்தைக்குக் கண் கூசுவதால் கடிதங்களை நீங்கள்தான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறீர்கள் என்று தெரியும். ஆகவே இது அத்தைக்கும் சேர்த்து எழுதியது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் "முக்கியமான விஷயம்னா எழுத்துல வரணும், போன்ல பேசினதெல்லாம் காத்தோட போச்சு" என்பது முப்பத்தோரு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த உங்கள் சட்டம். அந்தச் சட்டப்படி இந்தக் கடிதம் இருபத்திரண்டு நாள் தாமதம். தாமதத்துக்கான காரணத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். காரணத்துக்கான காரணம் உங்கள் மகன்.

விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் நன்றி சொல்ல வேண்டும். போன முறை நீங்கள் வந்து நான்கு நாள் தங்கிப் போனதில் எங்கள் வீடே திருந்திவிட்டது. ஒழுகிக்கொண்டிருந்த குழாய் ஒழுகவில்லை. அலமாரிக் கதவு கத்துவதில்லை. படுக்கையறை டிவியின் சிவப்புப் புள்ளி கண்ணைக் குத்துகிறது என்று இன்சுலேஷன் டேப்பைச் சின்னக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டுப் போனீர்களே, அதற்குப் பிறகு அறை கும்மிருட்டு, குழந்தையும் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறான். இந்த வீட்டில் உங்களை மாதிரி ஒரு வேலையைச் செய்து முடிக்கிறவர் யாரும் இல்லை. இது உங்கள் மகனுக்கும் தெரியும், வருத்தப்படமாட்டார்.

இப்போது வண்டி. நான்கு மாதத்துக்கு முன்னால் நீங்கள் அதை எங்களிடம் ஒப்படைத்த காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கழுவித் துடைத்து, இரண்டு சாவியையும் தனித்தனி உறையில் போட்டு, பிளாஸ்டிக் அட்டை போட்ட கையேட்டை என் கையில் வைத்து, கல்யாணத்தன்று என் அப்பா உங்களிடம் பேசியதைவிட உருக்கமாக என்னிடம் பேசினீர்கள். "பதினாலு வருஷம்மா. ஒரு விளக்கு எரிஞ்சதில்ல. ஒண்ணே ஒண்ணு! எந்த விளக்கு எரிஞ்சாலும் அன்னைக்கே எனக்கு எழுதணும். நான் வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது." அப்போது படியில் நின்றுகொண்டிருந்த அத்தை, "என்னை ஒரு நாளாவது அந்த சீட்ல உக்கார விட்டிருந்தா நானும் ஓட்டியிருப்பேன்" என்றார்கள். "நீ உக்காந்தா அன்னைக்கே அத்தனை விளக்கும் எரியும்" என்றீர்கள் நீங்கள். எல்லோரும் சிரித்தோம். அத்தை கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள்.

மாமா, விளக்கு எரிந்துவிட்டது.

உட்கார்ந்துகொண்டு படிக்கவும். சிவப்பு இல்லை, மஞ்சள்தான். குட்டியாக ஒரு ஸ்டீயரிங் படம், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. ஒரு திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினேன், எல்லா விளக்கும் ஒரு நொடி எரிந்து அணைந்தன, இது மட்டும் அணையவில்லை. என்னைப் பார்த்து, 'நீயெல்லாம் ஸ்டீயரிங் பிடிக்கிறியா!' என்று ஆச்சரியப்படுவதுபோலவே இருந்தது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடி உங்கள் மகனை எழுப்பினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "வண்டி ஓடுதா?" என்றார். ஓடுகிறது என்றேன். "பிரேக் பிடிக்குதா?" பிடிக்கிறது. "அப்புறம் என்ன, விளக்குதானே? எரியட்டும், அதுக்குத்தானே வெச்சிருக்கான்" என்று திரும்பிப் படுத்தார். அன்றைக்கே உங்களுக்கு எழுதுகிறேன் என்று பேப்பரை எடுத்ததும்தான் முழுசாக விழித்தார். "அப்பாகிட்டயா? உனக்கென்ன பைத்தியமா? நான் காலேஜ்ல அரியர் வெச்சப்போ அப்பா ஒரு நாள்தான் பேசல. வண்டிக் கதவுல கீறல் விழுந்தப்போ ஒரு மாசம் பேசல. அடுத்த பஸ்ல வந்து எடுத்துட்டுப் போயிடுவார்." பேப்பரை வாங்கி மடித்து ஜன்னல் இடுக்கில் செருகிவிட்டார், அங்கே ஏற்கெனவே காற்று வந்துகொண்டிருந்ததாம். இருபத்திரண்டு நாள் தாமதத்தில் முதல் நாள் இப்படிப் போனது.

வண்டி போய்விட்டால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. வருகிற முதல் தேதி நான் மறுபடி வேலையில் சேருகிறேன். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டரை வருடமாக எனக்காக இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், இதற்கு மேல் பிடிக்கமாட்டார்கள். குழந்தைகள் காப்பகம் ஊரின் ஒரு கோடி, பரிசோதனைக் கூடம் மறு கோடி. ஒரு நாள் ஒத்திகை பார்க்கலாம் என்று உங்கள் பேரனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். அவனுக்கு இப்போது எதைக் கண்டாலும் நகத்தால் சுரண்டி உரித்து எடுக்க வேண்டும். பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், மருந்து பாட்டில் லேபிள், எதுவும் மிச்சமில்லை. உரித்ததை ஒரு நோட்டில் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் அழுகை. முதல் பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் புதுச் சட்டைக் காலரில் இருந்த அளவு ஸ்டிக்கரை உரித்தான். அவர் நன்றி சொன்னார். இரண்டாவது பஸ்ஸில் ஒருவரின் தோளில் ஒட்டியிருந்த வலிப் பட்டையை உரித்தான். அவர் சொன்னதை எழுத முடியாது. போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். அன்றிரவு உங்கள் மகனிடம், வண்டி இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் நான் நானில்லை என்று சொன்னேன். அவர், "சரி, சரி, முதல்ல விளக்கை அணைப்போம்" என்றார்.

அணைப்பது எப்படி என்று கையேட்டைப் பார்த்தேன். இது ஸ்டீயரிங் சென்சார் விளக்காம். சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறோம் என்று வண்டிக்குச் சொல்லுகிற ஒரு சின்னக் கருவி ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கிறது, அதற்கு ஏதோ மனத்தாங்கல். அதைப் படித்ததும் கையேட்டைப் பட்டென்று மூடிவிட்டேன். ஏனென்றால் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை நான் பின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் பேரன் முன் சீட்டில் ஏறி நின்று அரை மணி நேரம் 'டுர்ர்ர்' என்று ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டியிருக்கிறான். அது மட்டுமில்லை மாமா. இரண்டு மாதத்துக்கு முன்னால் திருப்பத்தில் முன் சக்கரத்தை நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கினேன், அதை யாருக்கும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஸ்டீயரிங் மேலேயே அரை டம்ளர் ஆரஞ்சுச் சாறு கொட்டியது, அதையும் சொல்லவில்லை. பதினான்கு வருடம் நீங்கள் காப்பாற்றிய கருவியை நான்கே மாதத்தில் அம்மாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து தீர்த்துக்கட்டிவிட்டோம் என்று அழுகை வந்தது.

ஆனாலும் நான் வேதியியல் படித்தவள், சும்மா அழ முடியாது, சோதித்துப் பார்த்து அழ வேண்டும். ஒரு நோட்டு போட்டேன். முதல் நாள், குழந்தையோடு: எரிகிறது. இரண்டாம் நாள், குழந்தை இல்லாமல்: எரிகிறது. மூன்றாம் நாள், உங்கள் மகன் ஓட்டியது: எரிகிறது. (இதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.) நான்காம் நாள், கைப்பையை உள்ளே வைக்காமல்: எரிகிறது. ஐந்தாம் நாள், விளக்கைப் பார்க்காமலே ஓட்டியது: முடிவு தெரியவில்லை. பிறகு உங்கள் மகன் இன்டர்நெட்டில் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். என்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இடது கோடிக்கு ஒரு தடவை, வலது கோடிக்கு ஒரு தடவை முழுசாகத் திருப்பி நேராக்கினால் சென்சார் தன் ஞாபகத்துக்கு வந்துவிடுமாம். தெருவில் நின்ற இடத்திலேயே திருப்பினேன். இடது, வலது, இடது, வலது. டயர் கத்துகிறது, பின்னால் இரண்டு ஸ்கூட்டரும் ஒரு பால் வண்டியும் ஹாரன் அடிக்கின்றன. வீட்டுக்காரம்மா பால்கனியிலிருந்து, "என்னம்மா, வண்டி வரமாட்டேங்குதா, நீ போகமாட்டேங்கிறியா?" என்றார். "சென்சாருக்குப் பயிற்சி கொடுக்கிறேங்க" என்றேன். "கொடு, கொடு. அப்படியே கேட்டைத் தாண்டிப் போய்க் கொடு" என்றார். விளக்கு அப்படியே எரிந்தது.

வேறு வழியில்லாமல் மெக்கானிக்கிடம் போனேன். நம்பகமான ஆள், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு கருவியை வண்டியில் செருகிப் பார்த்துவிட்டு, "ஸ்டீயரிங் சென்சார்தாம்மா" என்றார். டாக்டரிடம் சொல்வதுபோல் ஸ்டீயரிங் ஆட்டியது, நடைபாதை, ஆரஞ்சுச் சாறு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் இல்லம்மா. இது நேத்து வந்த ஜுரம் இல்ல, நாள்பட்ட வியாதி. மெஷின்ல பாருங்க. முதல் தடவை பதிவானப்போ வண்டி எழுபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு."

"எங்க கைக்கு வந்தப்பவே தொண்ணூத்தெட்டாயிரம்."

"அதான் சொல்றேன். அப்பவே இருந்திருக்கு."

மாமா, எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "என் மாமனாரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. மழை பெஞ்சா தான் நனைஞ்சுக்கிட்டு வண்டிக்குக் குடை பிடிக்கிறவர். அவர்கிட்ட இருந்தப்போ ஒரு விளக்குகூட எரிஞ்சதில்ல" என்றேன். "குடை பிடிக்கட்டும்மா, நான் வேணாம்னா சொன்னேன்? மெஷின் சொல்றதைத்தான் நான் சொல்றேன்." "அப்போ முதல்ல உங்க மெஷினை யார்கிட்டயாவது கொண்டுபோய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து, அந்த விளக்குக்கு நேர் மேலே மீட்டர் கண்ணாடியை விரலால் தடவி, "இங்க என்னம்மா வட்டமா பசை?" என்றார். "குழந்தை ஏதாவது ஒட்டியிருப்பான்" என்றேன். "ஓஹோ, குழந்தையா" என்று சொல்லிவிட்டுத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரித்த மாதிரி இருந்தது. உங்களை விட்டுக்கொடுக்காமல் பேசிய பெருமையில் நான் அதைக் கவனிக்கவில்லை.

அந்தப் பெருமை ஒரு வாரம் தாங்கியது. பிறகு போனில் நீங்கள், அடுத்த ஞாயிற்றுக்குப் பிந்தின ஞாயிறு வருகிறேன் என்றீர்கள். பேரனைப் பார்க்கவா என்று கேட்டேன். "வண்டியைப் பாக்க" என்றீர்கள். மறுநாள் காலையே மெக்கானிக் கடை வாசலில் நின்றேன், போன தடவை பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. அவர் ஸ்டீயரிங்கைக் கழற்றினார். அடி மூடியைத் திறந்ததும் பாதி பிஸ்கட் ஒன்று, என் ஹேர்பின் ஒன்று, அதற்கும் அடியில் சென்சார். "சென்சார் பாவம்மா, நல்லாத்தான் இருக்கு. அதோட பிளக்தான் பச்சை பூத்துக் கிடக்கு, பாருங்க" என்று காட்டினார். செம்பில் பச்சைப் பசேல் என்று களிம்பு. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆரஞ்சுச் சாறு! சிட்ரிக் அமிலம்! "ரெண்டு மாசத்துல இவ்ளோ பச்சை பூக்காதும்மா, இதுக்கு வருஷக்கணக்காகும்" என்றார் அவர். அமிலம், ஈரப்பதம், வெப்பநிலை என்று நான் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டே கேட்டுவிட்டு, "படிச்சவங்க நீங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிளக்கை மாற்றி, ஸ்டீயரிங்கை நேராக்கி, தன் மெஷினிலிருந்து சென்சாருக்கு ஏதோ உத்தரவு போட்டார். மஞ்சள் விளக்கு அணைந்தது. நேற்றோடு மூன்று நாள் ஆகிறது, எரியவில்லை. உங்கள் பேரன் மட்டும் "வெளக்கு எங்கே?" என்று அழுதான்.

ஆகவே மாமா, இதுதான் என் வாக்குமூலம். குற்றம் முழுக்க என்னுடையது. பதினான்கு வருடம் ஒரு விளக்கும் காணாத வண்டியை நான்கு மாதத்தில் விளக்குக் காண வைத்தது நானும் என் ஆரஞ்சுச் சாறும்தான். உங்கள் சட்டப்படி நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் என்னை இன்னொரு தடவை நம்பி அதை என்னிடமே விட்டு வைக்க முடியுமானால், வண்டிக்குள் இனித் தண்ணீரைத் தவிர எதையும் திறக்கமாட்டேன், அதையும் வண்டி நிற்கும்போதுதான் திறப்பேன், மாதா மாதம் அறிக்கை எழுதுவேன். உங்கள் முடிவு எதுவானாலும் தலை குனிந்து ஏற்றுக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கமும் பேரனின் முத்தமும். கண் சொட்டு மருந்தை மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொல்லவும். உங்கள் இருவர் ஆசியும் எங்கள் மூவருக்கும், முடிந்தால் வண்டிக்கும், வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும்
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மாமா, இதுவரை அத்தைக்குச் சத்தமாகப் படித்திருப்பீர்கள். இனிமேல் தயவுசெய்து மனதுக்குள் படிக்கவும்.

உறையை ஒட்டப் பசை தேடினேன். உங்கள் பேரனின் ஸ்டிக்கர் நோட்டுக்குள் இருந்தது. நான் எதையும் தேதி போட்டு வைப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும், அவன் ஒட்டுகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் தேதி போட்டிருக்கிறேன். விளக்கு எரிந்த திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு, அதாவது அவன் முன் சீட்டில் ஏறி நின்ற அதே ஞாயிறு, அந்தப் பக்கத்தில் ஒரு வாழைப்பழ ஸ்டிக்கர், பாதி இருமல் மருந்து லேபிள், நடுவில் கறுப்பாக ஒரு பட்டாணி அளவு இன்சுலேஷன் டேப். வட்டம். சின்னக் கத்தரிக்கோலால் மூலையே இல்லாமல் வெட்டிய வட்டம். படுக்கையறை டிவியில் இருப்பதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இரட்டைப் பிள்ளைகள். கீழே இறங்கிப் போய் வண்டியில் அந்தப் பசைத் தடத்தின் மேல் வைத்தும் பார்த்தேன். மஞ்சள் விளக்கு இருக்கிற இடத்தில் ஒரு நூல்கூட விலகாமல் உட்கார்ந்தது.

மேலே எழுதிய மன்னிப்பு அனைத்தும் ரத்து. மெக்கானிக்கிடம் நாளை காலை நேரில் போய் இன்னொரு மன்னிப்புக் கேட்கப் போகிறேன், அவருடைய மெஷினிடமும். இரண்டு மாதத்தில் செம்பு அவ்வளவு பச்சை பூக்காது என்று எனக்குத் தெரியும் மாமா. பட்டம் வாங்கியிருக்கிறேன். உங்கள் மேல் இருந்த மரியாதையில் என் படிப்பையே பொய் சொல்ல வைத்துவிட்டேன். எழுபத்தோராயிரம் கிலோமீட்டரிலிருந்து எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு விளக்கு எரிந்ததில்லை என்றீர்களே, ஒன்று எரிந்ததே, இருட்டில் உட்கார்ந்து.

டேப்பை நோட்டிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் மகனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம், அவருக்கு அந்தக் கீறல் விழுந்த மாதம் இன்னும் மறக்கவில்லை. சொன்னபடியே வருகிற ஞாயிறு அவசியம் வாருங்கள், அத்தையையும் அழைத்து வாருங்கள், பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்புங்கள். வண்டி இங்கேதான் இருக்கும். இங்கே பின்புறம் ஒரு பெரிய காலி மைதானம் இருக்கிறது, மோத ஒரு மரம்கூட இல்லை.

இப்போது அத்தை, "ஏன் திடீர்னு நிறுத்திட்டீங்க? மீதி என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டிருப்பார்கள். மருமகள் ஒன்றும் எழுதவில்லை என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டப் போவது அத்தைதான் என்று உங்களுக்கே இப்போது திடீரென்று தோன்றியதாகச் சொல்லுங்கள். நல்ல யோசனை. உங்களுடையதாகவே இருக்கட்டும்.